ரிப்பன் கட்டிய இரும்பு நார்

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்புகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் அதை நம்பாமல் இருப்பதற்காகவே வேலைக்கு வைக்கப்பட்டிருப்பவன்.

எங்கள் பட்டறையில் கடல்நீர் இறைக்கும் பம்புகளுக்கான தண்டுகளைச் செய்கிறோம். எல்லாம் எவர்சில்வர். எவர்சில்வர் தன் மேல் தானே ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொள்ளும். துருவிடமிருந்து அதைக் காப்பாற்றுவது அந்தத் தோல்தான். ஆனால் லேத்தில் கடையும்போது, வெட்டும் கருவியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் தண்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் தோல் சரியாக மூடாது. உப்புத்தண்ணீர் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும். பிறகு துரு வரும், பம்பு நிற்கும், நடுக்கடலில் முகம் தெரியாத ஒருவன் எங்கள் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவான். அந்தத் திட்டு வராமல் தடுப்பதுதான் என் வேலை. தண்டுகளை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, வெதுவெதுப்பான அமிலத் தொட்டியில் ஊறவைத்து, ஒட்டிய இரும்பைக் கரைத்தெடுத்து, சுத்தத் தண்ணீரில் அலசி உலர்த்துவேன். பட்டறையில் எனக்குப் பெயர் ஆசிட். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

இந்த வேலையில் ஒரு பெரிய குறை உண்டு. தொட்டிக்குள் போகும்போது தண்டு எப்படி இருந்ததோ, வெளியே வரும்போதும் அப்படியேதான் இருக்கும். லேத்துக்காரர் ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்தால் வழவழப்பான தண்டாகத் திருப்பிக் கொடுப்பார். வெல்டர் இரண்டை ஒன்றாக்குவார். நான் மட்டும் வாங்கியதை வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பேன், கூடவே ஒரு கம்பீரமான முகத்தோடு. பள்ளியில் ஆசிரியை என் மகளிடம் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். "கழுவுவாரு" என்றிருக்கிறாள். எதை என்று கேட்டதற்கு, "ஏற்கெனவே சுத்தமா இருக்கிறதை" என்று பதில் சொல்லியிருக்கிறாள். மறுக்க எனக்கு வழியில்லை.

நான் கழுவியதைச் சோதிப்பவள் என் மனைவி. வீட்டில் சோதிப்பது போதாதென்று இங்கேயும். பட்டறை வாசலைத் தாண்டியதும் எனக்கு அவள் மேடம், அவளுக்கு நான் ஆசிட் சார். இது அவள் போட்ட சட்டம். ஜன்னலோரம் அவளுடைய மேசை. நான் அனுப்பும் கூடையிலிருந்து சில தண்டுகளை எடுத்து, மயில்துத்தக் கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தடவி, சில நிமிடம் ஈரம் காயாமல் வைத்திருப்பாள். இரும்பு மிச்சமிருந்தால் அந்த இடத்தில் செம்பு படிந்து செக்கச்செவேலென்று காட்டிக் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் துடைத்து வைத்துவிட்டு, "ஒன்னும் இல்ல" என்பாள். அவ்வளவுதான். என் உழைப்புக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு 'ஒன்னும் இல்ல'. வேறு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடும்போல.

அவள் மூட்டை கட்டும் பிரிவில் சேர்ந்து, வேலை முடிந்த பிறகு சோதனைக்கூடத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி அந்த மேசைக்கு வந்தவள். அந்த மேசையை வேறு யாரையும் துடைக்க விடமாட்டாள். எங்கள் வீட்டில் அலமாரியே தூசி படிந்து கிடக்கும், ஆனால் அந்த மேசையில் முகம் பார்க்கலாம்.

அந்த மேசைக்குத்தான் ஆபத்து வந்தது. ஒருநாள் மாலை மேனேஜர் எங்கள் இருவரையும் அழைத்து உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதில்லை என்று அர்த்தம்.

"நம்மகிட்ட தண்டு வாங்குற கம்பெனியில ஒரு பேச்சு வந்திருக்கு. செய்றது புருஷன், பாஸ் போடுறது பொண்டாட்டி, அப்புறம் எப்படி ஃபெயில் ஆகும்னு கேக்குறாங்க."

"நான் பார்க்காம எதையும் விட்டதில்ல சார்" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும்மா. ஆனா இவர் சரக்குல நீங்க நிறுத்தினதுன்னு காட்ட ஒன்னுமே இல்லையே. நாளைக்கு அவங்க ஆய்வாளர் வர்றாரு, உங்க சோதனையைப் பக்கத்துல நின்னு பார்ப்பாரு. அவருக்குத் திருப்தி இல்லன்னா, உங்களை மறுபடி மூட்டை கட்டுற பிரிவுக்கு மாத்துறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

வீட்டுக்கு வந்து அடுப்பில் பாலை வைத்தவள் அதை மறந்து நின்றாள். பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்துக் கருகும் வரை இருவருமே பார்க்கவில்லை.

"நீங்க ஒழுங்கா செஞ்சதுதான் எனக்கு வினையாப் போச்சு" என்றாள், பாத்திரத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தபடி. "நாலு தடவை சொதப்பியிருந்தீங்கன்னா நானும் நாலு தடவை நிறுத்தியிருப்பேன். இன்னைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது."

"கவலைப்படாத. நாளைக்குப் போற சரக்கு லாட்டை இன்னும் பிரமாதமா செஞ்சு காட்டுறேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஒன்னும் காட்ட வேணாம். எப்பவும் செய்ற மாதிரி செஞ்சாப் போதும்." பிறகு நகத்தால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டே, "அந்த இரும்பு நார் மட்டும் கையில இருந்திருந்தா" என்று பெருமூச்சு விட்டாள்.

நான் அவசரமாகப் போய் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த நாரின் கதையைச் சொல்லியாக வேண்டும். எவர்சில்வர் மேல் இரும்பு நாரைப் போட்டுத் தேய்த்தால் இரும்புத் துகள் மேலே பதியும், அதுதான் துருவுக்கு விதை. பட்டறையில் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து இதைப் பிரசங்கம் செய்வேன். வீட்டிலும் செய்வேன். பாத்திரம் தேய்க்க அவள் ஓர் இரும்பு நார் வைத்திருந்தாள். ஆணியில் மாட்டுவதற்காக மகளின் பழைய மஞ்சள் ரிப்பனில் ஒரு துண்டை அதில் கட்டியிருந்தாள். என் வீட்டுச் சமையலறையிலேயே எதிரி கொடி கட்டித் தொங்குவதா என்று எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒருநாள் அதை யாருக்கும் தெரியாமல் எடுத்து, பிரசங்கத்தின்போது காட்டுவதற்கு ஆகும் என்று பட்டறையில் என் அலமாரிக்குள் வைத்தேன். வைத்த பிறகுதான், அதைக் காட்டினால் முதலில் பார்க்கப் போகிறவள் அவள்தான் என்று உறைத்தது. அவள் தேடியபோது, எலி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றேன். இரும்பைத் தின்னும் எலி. அவளும் நம்பினாள். கட்டிய கணவன் பொய் சொன்னாலும் இவ்வளவு மட்டமாகச் சொல்லமாட்டான் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் ஆய்வாளர் வருவதற்கு முன்னால் கூடையைத் தயாராக வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேலை சுத்தமாக நடந்திருந்தது. கழுவியது, ஊறியது, அலசியது, உலர்ந்தது எல்லாமே முறைப்படி. அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

லேத்துக்காரர் டீ டம்ளரோடு அந்தப் பக்கம் வந்தார். வழுக்கைத் தலை, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா ஆசிட், நான் கடைஞ்சு அனுப்பினப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு?"

"அப்படித்தான் இருக்கும்."

"எனக்குத் தெரியும். வர்றவருக்குத் தெரியணுமே. ஒன்னுமே செய்யாத சரக்கை பொண்டாட்டி கண்ணை மூடிட்டு விட்டுட்டான்னுதானே நினைப்பாரு."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துக்கொண்டு போய்விட்டார். தண்டுகளைப் பார்த்தேன். மங்கலாக, ஏழைகள்போல, என் சாமர்த்தியத்துக்கு ஒரு சாட்சியும் சொல்லாமல் படுத்திருந்தன. துணியால் தேய்த்தேன், பளபளப்பு வரவில்லை. வேறு துணியால் தேய்த்தேன். பிறகு என் கால்கள் அலமாரியை நோக்கி நடந்தன. கால்கள் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் மூளை அங்கே வந்ததற்குத் தடயமே இல்லை.

மேல்வரிசையை மட்டும் தேய்த்தேன். ஏற்கெனவே அமிலத்தில் ஊறியாகிவிட்டது, தோல் மூடியாகிவிட்டது, லேசாகத் தேய்த்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதே சமாதானத்தை வேறொருவன் சொல்லியிருந்தால் அவனைத் தொட்டிப் பக்கமே வரவிடாமல் விரட்டியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். தண்டுகள் மின்னின. முதல் தடவையாக என் வேலை கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பூரிப்பில் கூடையை நானே சுமந்து கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன்.

ஆய்வாளர் மெலிந்த மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அதனாலேயே அவர் பேசும்போது எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் மேனேஜர். லேத்துக்காரரும் ஏதோ அளவு சரிபார்க்க வந்தவர்போல டீ டம்ளரோடு கதவோரம் நின்றிருந்தார்.

மனைவி கூடையைப் பார்த்தாள். மேல்வரிசையைப் பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது. மேலிருந்து ஒரு தண்டு, அடியிலிருந்து ஒரு தண்டு எடுத்து, இரண்டிலும் கரைசலைத் தடவினாள். எல்லோரும் தண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணின் அப்பா சிரிப்பதுபோல, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடியிலிருந்து எடுத்த தண்டில் எந்த மாற்றமும் இல்லை. மேல்வரிசைத் தண்டில் முதலில் ஒரு கீற்று, பிறகு இன்னொன்று, பிறகு உடம்பெல்லாம் பிறாண்டியதுபோலச் செம்புக் கோடுகள். நான் கை போன போக்கில் தேய்த்திருந்த வளைவுகள் அத்தனையும் அதில் வரைந்து வைத்ததுபோலத் தெரிந்தன. என் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"இது ஃபெயில் சார்" என்றாள் அவள் ஆய்வாளரிடம். "மேல இருக்கிறதுல இரும்பு இருக்கு. எப்படி வந்துச்சுன்னு தெரியிற வரைக்கும் மொத்த லாட்டும் வெளியே போகக் கூடாது."

மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. கணவன் சரக்கையே நிறுத்திவிட்டாள், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் ஆய்வாளர் அந்தத் தண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. கூடையில மேல மட்டும் தனியா மின்னுது. அதுல ஒன்னைச் சரியா எடுக்கிறீங்க. அது மட்டும் ஃபெயில் ஆகுது. என் கண்ணு முன்னாடி ஒரு தடவை நிறுத்திக் காட்டணும்னு வீட்டுலயே பேசி வச்சுட்டு வந்த மாதிரி இருக்கு."

அவள் முகம் வெளிறிப்போனது. "எனக்கு எதுவும் தெரியாது சார்" என்றாள். அது உண்மை. ஆனால் உண்மை அந்த நேரத்தில் பொய்யைவிட மோசமாகக் கேட்டது. அவள் கை தன்னையறியாமல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவள் தலையில் மண்ணை வாரிப் போட்டிருந்தேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி மேய்ந்துவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டு நின்றது.

தப்பிக்க வழி இருக்கிறதா என்று யோசிக்காமல் இல்லை. பழியை லேத்துக்காரர் மேல் போடலாமா என்றுகூட மனசு ஓடியது. அவர் வேறு எதிரிலேயே நின்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

"நீங்கதான்னா?"

"காலையில மேல்வரிசையைத் தேய்ச்சது நான்தான். அவங்களுக்குத் தெரியாது."

"எதால தேய்ச்சீங்க?"

அமிலத் தொட்டிக்காரன் வாயால் சொல்லக்கூடாத வார்த்தை அது. சொல்லவில்லை. போய் அலமாரியைத் திறந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். மின்னும் தண்டுக்குப் பக்கத்தில், மஞ்சள் ரிப்பன் கட்டிய இரும்பு நார். லேத்துக்காரர் வாயிலிருந்த டீ சுவரில் தெறித்தது.

ஆய்வாளர் ரிப்பனைப் பிடித்து அதைத் தூக்கிப் பார்த்தார். "இந்தத் தொட்டியில எவ்வளவு காலமா இருக்கீங்க?"

"அவருக்குத் தலையில முடி இருந்த காலத்துலேர்ந்து சார்" என்று லேத்துக்காரரைக் காட்டினேன்.

"இவ்வளவு அனுபவம் இருக்கிறவர் இப்படிச் செய்வாரா? இதையும் சேர்த்தே பேசி வச்சிருக்கலாமே."

முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டாலும் நம்பமாட்டேன் என்கிற மனிதரிடம் என்ன செய்வது. அப்போதுதான் என் மனைவி குனிந்து அந்த ரிப்பனைப் பார்த்தாள்.

"இது என் நாரு" என்றாள்.

"மேடம்..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன மேடம்? எலி தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே. அந்த எலிக்குப் பொறி வாங்கி வச்சு, தினம் அதுக்கு ரொட்டி மாத்திட்டு இருக்கேன். பாப்பாதான் எங்கேயோ போட்டுட்டான்னு அவளைக்கூடத் திட்டினேன். நேத்து ராத்திரி நகம் உடையுற அளவுக்கு அந்தப் பாத்திரத்தைச் சுரண்டினேனே, பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

"பாப்பாவுக்குக் கணக்கு..."

"கணக்கு. எவர்சில்வரு மேல இரும்பு நாரு படலாமான்னு எனக்குப் பாடம் எடுத்துட்டு, கடல்ல போற தண்டை அதை வச்சுத் தேய்ச்சிருக்கீங்க. அறிவு இருக்கா? எப்பவும் செய்ற மாதிரி செய்யுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்புறம் எதுக்குங்க இந்த வேலை?"

"ஒன்னுமே செய்யாத மாதிரி இருந்துச்சு" என்றேன். "பார்க்கிறவர் உன்னைத் தப்பா நினைச்சிடுவாரோன்னு பயந்துட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்தது அவளுக்கு. அத்தனை பேர் எதிரில் வீட்டுக் குரலில் வீட்டுத் திட்டைக் கொட்டியிருந்தாள். சட்டென்று வாயை மூடி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ஆய்வாளரின் தோள்கள் குலுங்கின. சத்தமே வராமல் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் கல்யாணம் ஆகியிருக்கு சார். இந்தத் திட்டு எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். இதை யாராலயும் ஒத்திகை பார்த்துட்டு வந்து கொடுக்க முடியாது." பிறகு அவளைப் பார்த்து, "காரணம் தெரிஞ்சு போச்சு. இப்ப லாட்டை என்ன செய்யலாம்னு சொல்லுங்க மேடம்" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆசிட் சார், மொத்தத்தையும் முதல்லேர்ந்து திரும்ப ஊற வைங்க. சாயங்காலம் நான் பார்க்கிறேன்" என்றாள். இரும்பு நாரை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அவளுடைய மேசை அவளிடமே இருந்தது. இந்தம்மா மேசையில் இருக்கிறவரை இனிமேல் யாரும் வந்து பார்க்கத் தேவையில்லை என்று ஆய்வாளர் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பற்றியும் ஏதோ சொன்னாராம். மேனேஜர் அதை மட்டும் என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார்.

எனக்குப் போனது பெயர்தான். மதியச் சாப்பாட்டு வேளைக்குள் ஆசிட் செத்து, நாரு பிறந்துவிட்டான். லேத்துக்காரர் முன்னின்று பெயர் சூட்டினார். "நாரு, உப்பைத் தள்ளு", "நாரு, உன் தொட்டிப் பக்கத்துல எலி ஓடுதா பாரு" என்று எல்லா மூலையிலிருந்தும் குரல். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட "நாரு அண்ணே" என்றான். அண்ணே என்ற மரியாதை ஒன்றுதான் மிச்சம்.

நான் தண்டுகளைக் கழுவினேன், ஊறவைத்தேன், அலசினேன், உலர்த்தினேன். சாயங்காலம் கூடையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தண்டுகள் மங்கலாக, ஒன்றுமே செய்யாததுபோலக் கிடந்தன. அவள் மேலிருந்து எடுத்தாள், நடுவிலிருந்து எடுத்தாள், அடியிலிருந்து எடுத்தாள். எப்போதையும்விட அதிகமாகவே எடுத்தாள். கரைசலைத் தடவிவிட்டு இருவரும் காத்திருந்தோம். காலையில் சிரித்துக்கொண்டு நின்றவனுக்கு இப்போது வேர்த்தது.

"காலையில ரொம்பப் பயந்துட்டேன்" என்றாள் தண்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில். "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா என் மேசை போயிருக்கும்."

"நானும் கொஞ்ச நேரம் யோசிச்சேன்."

"தெரியும். லேத்துக்காரரையே பார்த்துட்டு இருந்தீங்க."

இவளிடமிருந்து எதையாவது மறைக்க முடியும் என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்வது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து லேத்துக்காரர் குரல் கொடுத்தார். "என்ன நாரு, பாஸா ஃபெயிலா?"

அவள் தண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எந்தத் தண்டிலும் ஒரு கீற்றுக்கூட இல்லை. கூடையை என் பக்கம் தள்ளினாள்.

"ஒன்னும் இல்ல" என்றாள், கதவு வரை கேட்கும்படி. "ஒன்னும் இல்ல, ஆசிட் சார்."